ரெண்டு நாளா மசக்கை அப்படியே நின்னுபோச்சு, 9-வது வாரம். பயப்படணுமா?

குடமுருட்டிக்கரை (கேள்வி, ஜூன் 16, காலை)

வணக்கம். வலங்கைமான் பக்கத்துல கிராமம். வயசு 26, முதல் கர்ப்பம். கடைசியா தூரமானது சித்திரை ஒண்ணாந்தேதி, அதாவது ஏப்ரல் 14. எனக்கு எப்பவும் 34, 35 நாளைக்கு ஒரு தடவைதான் வரும்.

ஜூன் 2-ல ஸ்கேன் எடுத்தாங்க. கருப்பைக்குள்ள ஒரு கரு, நீளம் 4 மி.மீ., இதயத்துடிப்பு 112, 6 வாரம் 1 நாள் அளவுன்னு எழுதியிருக்கு. நாள் கணக்குப்படி அன்னிக்கு சரியா 7 வாரம். டாக்டர் நல்லாயிருக்குன்னுதான் சொன்னாங்க.

மே கடைசியிலேருந்து தாளிக்கிற வாசனை பட்டாலே வாந்தி, ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு தடவை. மார்பு வலியில திரும்பிப் படுக்க முடியாது. 11-ந்தேதி திரும்பவும் போனேன், ராத்திரி போட மாத்திரை கொடுத்தாங்க. சனிக்கிழமை காலையில எழுந்தா ஒண்ணுமே இல்லை. காபி குடிச்சேன், தங்கிச்சு. மார்பு வலியும் பாதிக்கு மேல குறைஞ்சுபோச்சு. நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் குமட்டிச்சு, திரும்ப நின்னுபோச்சு. இன்னிக்குக் காலையில துடைக்கும்போது டிகாஷன் நிறத்துல லேசா ஒரு கறை. வயித்துவலி இல்லை.

பயத்துல வீட்டுலேயே கார்டு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். போன மாசம் ரெண்டாவது கோடு அழுத்தமா வந்துச்சு, இப்ப அதைவிட ரொம்ப மங்கல். பக்கத்து வீட்டு அக்கா "மசக்கை பட்டுன்னு நின்னா கரு தங்கலைன்னு அர்த்தம்"னு சொல்லிட்டாங்க. அத்தை திருக்கருகாவூர் கோயில் எண்ணெயை வாங்கி வந்து வெச்சிருக்காங்க. குறுவைக்கு 8-ந்தேதி வாக்குல விதையை மருந்து போட்டுக் கையால கிளறினேன், நாற்றங்கால்ல குனிஞ்சும் வேலை பார்த்தேன். அதனால இருக்குமா? அடுத்த ஸ்கேன் ஜூலை 1-க்குக் குறிச்சிருக்காங்க. அதுவரைக்கும் காத்திருக்கலாமா?

நர்ஸக்கா, குடவாசல்

தங்கச்சி, முதல்ல உடனே கிளம்ப வேண்டிய நிலைமையா இல்லையான்னு பார்த்துடுவோம்.

பழுப்புக் கறைங்கிறது பழைய ரத்தம். உள்ள எப்பவோ துளி கசிஞ்சது மெதுவா வெளிய வருது. துடைக்கும்போது மட்டும் தெரியுது, வலி இல்லைன்னா இன்னிக்கு ராத்திரியே ஓட வேண்டியதில்லை. முதல் மூணு மாசத்துல நாலு பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஏதாவது படும், அதுல பாதிக்கு மேல நல்லபடியாப் போகும். இன்னிலேருந்து வெள்ளை பேட் வெச்சுக்குங்க. துணி வேண்டாம், அளவு தெரியாது. எத்தனை மணிக்கு மாத்தினோம், எவ்வளவு நனைஞ்சிருந்தது, என்ன நிறம், கட்டி இருந்துதான்னு ஒரு தாள்ல குறிச்சு வெச்சுக்குங்க. டாக்டர் கேக்குற முதல் கேள்வி அதுதான். "கொஞ்சம் பட்டுச்சு"ன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது.

நிறம் பழுப்பிலேருந்து பளிச்சுன்னு சிவப்பா மாறினா அன்னிக்கே ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனைஞ்சு, அது ரெண்டு மணி நேரம் தொடர்ந்தா 108-ஐக் கூப்பிடணும், பஸ்ஸுக்கு நிக்கக் கூடாது. ஒரு பக்கமா அடிவயித்துல குத்துற வலி, தோள்பட்டை நுனியில காரணமில்லாத வலி, கண்ணு இருட்டிக்கிட்டு வர்றது, இதுக்கும் 108-தான். இதெல்லாம் கரு குழாய்ல தங்கி வெடிக்கிறதோட அடையாளம். உங்களுக்குக் கருப்பைக்குள்ளன்னு ரிப்போர்ட்லயே இருக்கு, அதனால அந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை. ஆனா இதைப் படிக்கிற, இன்னும் ஸ்கேன் எடுக்காத பொண்ணுங்க மனசுல வெச்சுக்கணும். குளிர் காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளைப்படுதல் வந்தாலும் அன்னிக்கே காட்டணும்.

கறை பட்டுட்டதால ஜூலை 1 வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரெண்டு நாளைக்குள்ள போய்ப் பாத்துடுங்க. நாளைக்கு செவ்வாய், ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிகள் பார்க்கிற நாள். அங்கே சொன்னா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சீட்டு எழுதிக் கொடுப்பாங்க. பிக்மி எண், அதான் அரசாங்கத்துல கர்ப்பத்தைப் பதிஞ்சு கொடுக்கிற எண், வாங்கியாச்சா? 12 வாரத்துக்குள்ள பதிஞ்சுடணும்.

திருக்கருகாவூர் எண்ணெயைத் தாராளமா வயித்து மேல தடவிக்குங்க, அத்தை மனசும் நிறையும். அது விளக்கெண்ணெய். பிரசாதம்னு ஒரு ஸ்பூன் உள்ளுக்குக் கொடுத்தா பேதியாகும், குடல் முறுக்கும், இப்ப இருக்கிற நிலைமைக்கு அது ஆகாது. தடவுறதோட நிறுத்திக்கணும்.

ஒண்ணு கேக்கணும். உங்க ரத்த வகை என்ன? எழுதவே இல்லையே.

குடமுருட்டிக்கரை

ஓ நெகட்டிவ் அக்கா. அவருக்கு பி பாசிட்டிவ். ரிப்போர்ட்ல "இன்ட்ராயூட்டரைன்"னு போட்டிருக்கு, பார்த்துட்டேன். பிக்மி இன்னும் பதியலை.

மகப்பேறு மருத்துவர், தஞ்சாவூர்

இந்த வாரங்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். குமட்டலோடு நெருங்கிய தொடர்புடையது எச்.சி.ஜி என்ற ஹார்மோன். தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். மார்பு வலிக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் பெரும்பங்கு புரோஜெஸ்டிரோன் உடையது. அதை முதலில் சூலகம் சுரக்கிறது. ஏறக்குறைய 7-வது வாரத்திலிருந்து 10-வது வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. வேலை கைமாறுகிற இந்த நாட்களில் அறிகுறிகள் ஏறி இறங்குவது சகஜம். காலையில் ஒன்றும் இல்லாமல் சாயங்காலம் குமட்டுவதும், இரண்டு நாள் ஓய்ந்து மூன்றாம் நாள் திரும்புவதும் நாங்கள் தினமும் கேட்கிற விஷயங்கள். நூறு கர்ப்பிணிகளில் 20, 30 பேருக்குக் குமட்டலே இருப்பதில்லை. அவர்களுக்கும் நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரு வளர்ச்சி நின்றபின் ரத்தப்போக்கே இல்லாமல் சில நாள், சில வாரம்கூட உள்ளேயே இருப்பதுண்டு. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அறிகுறிகள் மெல்லக் குறையும். சிலருக்குக் குறையவே குறையாது, ஹார்மோன் இறங்க நாளாகும் என்பதால் வாந்தி தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே வாந்தி இருப்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது, இல்லாததை வைத்து முடிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது அந்த இடத்தில்தான் தவறு. சொல்லக்கூடியது ஸ்கேன் ஒன்றே. உங்களுக்கு ஏற்கெனவே இதயத்துடிப்பு பார்த்தாகிவிட்டது. துடிப்பு தெரிந்தபின் சிதைவதற்கான வாய்ப்பு பெருமளவு குறைகிறது. இது உங்கள் பக்கம் இருக்கிற பெரிய பலம்.

கார்டு டெஸ்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் இரவெல்லாம் அழுகிறவர்கள் நிறைய. அந்தப் பட்டையில் சாயம் ஒட்டிய எதிர்ப்பொருள் ஒரு குறிப்பிட்ட அளவுதான் இருக்கும். அது ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே வந்து, அங்கே இருக்கும் இன்னொரு எதிர்ப்பொருளோடு சேர்ந்தால்தான் கோடு நிறம் ஏறும். ஹார்மோன் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிரம்பிவிடுகின்றன, ஒன்றோடொன்று சேர இடமில்லாமல் போகிறது. கோடு மங்கும். அதாவது 9-வது வாரத்தில் ஹார்மோன் மிக அதிகமாக இருப்பதனாலேயே கோடு மங்கலாகத் தெரியலாம். வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்தும் மங்கும். நாள் தள்ளிப்போன வாரத்தில் கர்ப்பமா இல்லையா என்று கேட்கத்தான் அந்தக் கார்டு. நன்றாக இருக்கிறதா என்று கேட்க அல்ல. இனி வாங்க வேண்டாம். ரத்தத்தில் எச்.சி.ஜி பார்ப்பதும் துடிப்பு தெரிந்தபின் தேவையில்லை.

ஓ நெகட்டிவ் என்பதை நாளை போனவுடன் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக நெகட்டிவ் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுப்பது ஆன்ட்டி-டி ஊசி. 12 வாரத்துக்கு முன்பு துளிக் கறைக்கு மட்டும் அதை எல்லோரும் போடுவதில்லை. போக்கு அதிகமானாலோ, கருப்பையைச் சுத்தம் செய்ய நேர்ந்தாலோ 72 மணி நேரத்துக்குள் போடுவார்கள். உங்கள் டாக்டர் முடிவெடுப்பார். அந்த எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று காட்டும் ஐ.சி.டி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். ஆன்ட்டி-டி ஊசியின் நோக்கம் அடுத்த குழந்தையைக் காப்பது, அதனால்தான் "இப்போதைக்கு என்ன அவசரம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

குனிந்ததாலோ நடந்ததாலோ கரு கலையாது. தொடக்க வாரங்களில் சிதைகிறவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கரு உருவான நாளிலேயே நேர்ந்த குரோமோசோம் பிழை. படுத்தே கிடப்பதாலும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் விதை நேர்த்தி மருந்து வேறு விஷயம். கார்பன்டாசிம் போன்ற பூஞ்சணக்கொல்லிகளைக் கர்ப்பிணிகள் கையால் தொடக்கூடாது. ஒரு முறை பட்டதால் இந்தக் கறை வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைத்து நீங்களும் வருந்த வேண்டாம். இனி விதை கிளறுவது, மருந்தடித்த வயலில் அன்றும் மறுநாளும் இறங்குவது இரண்டையும் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். மருந்து டப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்தாளுநர், பாபநாசம்

எல்லோரும் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். 11-ந்தேதி ராத்திரி மாத்திரை தொடங்கியது, 14-ந்தேதி வாந்தி நின்றது. அந்த மாத்திரை டாக்சிலமின் 10 மி.கி., பைரிடாக்சின் 10 மி.கி. சேர்ந்ததுதானே? அட்டையின் பின்பக்கம் பாருங்கள். அதுவாக இருந்தால் வாந்தி நின்றதற்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. அது போட்ட அன்றே முழுசாக வேலை செய்யாது, இரண்டு மூன்று நாள் எடுக்கும். உங்கள் கணக்கு அதற்கு அப்படியே பொருந்துகிறது. வெளிப்பூச்சு மெல்லக் கரைகிற மாத்திரை என்பதால் ராத்திரி போட்டால் விடிகாலைக் குமட்டலுக்குப் பிடிக்கும். உடைத்தோ பொடித்தோ போடக்கூடாது.

கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்க மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே நாளில் ஆறு வாந்தி திரும்ப வரும், அதைப் பார்த்து நிம்மதி என்று நினைப்பீர்கள், மறுநாள் நீர்ச்சத்து இறங்கி சலைன் ஏற்ற வேண்டியதாகிவிடும். ஜூன் வெயிலில் இது சீக்கிரம் நடக்கும். சிறுநீர் மஞ்சள் கிழங்கு நிறத்துக்குப் போனாலோ, 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, 50 கிலோ இருந்தவர் 47.5-க்கு இறங்கினாலோ மாத்திரையோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் ஓ.ஆர்.எஸ் பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்கி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வாய் குடியுங்கள். அரைப் பாக்கெட், கால் பாக்கெட் என்று கண் அளவுக்குக் கலக்கினால் உப்பின் அளவு மாறிவிடும். மடமடவென்று ஒரு டம்ளர் குடித்தால் அப்படியே திரும்பி வரும். எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒரு கைப்பிடி பொரி, பத்து நிமிஷம் கழித்து எழுந்தால் காலை வாந்தி குறையும். நீராகாரம் உப்புப் போட்டு, தொட்டுக்க நார்த்தங்காய் இருந்தால் பலருக்கும் தங்குகிறது.

இந்த மூன்று மாதம் போலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் போதும். யாராவது சத்து மாத்திரை என்று இரும்புச்சத்தை இப்போதே தொடங்கிவிட்டிருந்தால் குமட்டல் கூடும், டாக்டரைக் கேட்டு நாலாம் மாதத்துக்குத் தள்ளலாம். வலிக்கு பாராசிட்டமால் தவிர வேறு எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள், டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் இரண்டும் கூடாது. "கரு தங்குற மாத்திரை" என்று புரோஜெஸ்டிரோனைச் சீட்டில்லாமல் கேட்டு வருகிறார்கள். முன்பு சிதைந்து, இப்போதும் கசிவு இருக்கிறவர்களுக்கு டாக்டர்கள் அதை எழுதுவதுண்டு. எல்லோருக்கும் அல்ல. அதைப் போடுகிறவர்களுக்கு மார்பு வலியும் தூக்கமும் மாத்திரையாலேயே வரும், அறிகுறியை வைத்துக் கணிப்பது இன்னும் குழப்பமாகிவிடும்.

ஸ்கேன் அறை, கும்பகோணம்

உங்கள் நாள் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை இப்போதே சரிசெய்துவிடுங்கள். 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு 14-ம் நாள் வாக்கில் முட்டை வெளிவரும் என்று வைத்துத்தான் தூரமான தேதியிலிருந்து எண்ணுகிறோம். உங்களுக்கு 34, 35 நாள். ஆறேழு நாள் பிந்தித்தான் கரு உண்டாகியிருக்கும். ஜூன் 2-ல் 7 வாரத்துக்குப் பதில் 6 வாரம் 1 நாள் காட்டியது வளர்ச்சிக் குறைவு இல்லை, கணக்கின் பிழை. 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் வித்தியாசம் 5 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்படி இன்று உங்களுக்கு 9 வாரம் இல்லை, 8 வாரம் 1 நாள். பிரசவத் தேதி ஜனவரி 19 இல்லை, ஜனவரி 25. பிக்மியில் பதியும்போது தூரமான தேதியோடு இந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். கடைசியில் "தேதி தாண்டிப்போச்சு" என்று அவசரமாகப் பிரசவ வலி வரவைக்கிற ஊசி போடுவது பல நேரம் இந்த ஆறு நாள் குழப்பத்தால்தான்.

ஜூலை 1-க்குக் குறித்தது என்.டி ஸ்கேன் (கருவின் கழுத்துப் பின்புறத்துத் திரவத்தை அளப்பது) என்றால் அதுவும் தப்பு. அன்றைக்கு உங்களுக்கு 10 வாரம் 2 நாள்தான் ஆகியிருக்கும். அந்த ஸ்கேனுக்குக் கரு 45 மி.மீ. முதல் 84 மி.மீ. வரை இருக்க வேண்டும், அதாவது 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள். உங்களுக்கு அது ஜூலை 6 முதல் 26 வரை. நடுவில் ஜூலை 15 வாக்கில் வைத்துக்கொண்டால் வசதி.

இப்போது எடுக்கப் போகிற ஸ்கேனுக்கு வருகிறேன். கரு இந்த வாரங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். ஜூன் 2-ல் 4 மி.மீ. என்றால் 18-ந்தேதி 18 முதல் 20 மி.மீ. அருகே இருக்க வேண்டும். துடிப்பு 6-வது வாரத்தில் 100-க்குச் சற்று மேலே தொடங்கி, 9-வது வாரத்தில் 160, 170 வரை ஏறும். அன்று 112 இருந்தது குறைவில்லை. இந்த இரண்டு எண்ணையும் ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள். கருவுக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவில் சிறு ரத்தக்கட்டு என்று எழுதியிருந்தால் பழுப்புக் கறை எங்கிருந்து வந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். சின்னதாக இருந்தால் பெரும்பாலும் தானாகக் கரையும்.

உள்வழி ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக, எடுப்பதாக இருந்தால் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். வயிற்றின் மேல் எடுப்பதாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்பு மூணு நாலு டம்ளர் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வர வேண்டும். எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உள்வழி ஸ்கேனால் கரு கலையாது, கறை இருக்கும்போதும் எடுக்கலாம். கருப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தால் மேல்வழியாகத் துடிப்பு தெரியாமல் போகலாம், அதை வைத்து முடிவுகட்ட விடாதீர்கள். உள்வழியாக அளந்து 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும் கருவில் துடிப்பு இல்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று சொல்லலாம். அதற்குக் கீழே இருந்தால் 7 முதல் 10 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதய ஒலி கேட்கிற சின்ன மிஷினை ஆன்லைனில் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 12 வாரத்துக்கு முன்பு அதில் கேட்காது, கேட்காததால் இன்னும் பயம்தான் கூடும்.

சீட்டு, ஆதார், பழைய ஸ்கேன் படத்தோடு ரிப்போர்ட், மூன்றும் இல்லாமல் வராதீர்கள். கர்ப்ப ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் படிவம் எஃப் நிரப்பியாக வேண்டும், சீட்டில்லாமல் எடுக்க முடியாது.

குடமுருட்டிக்கரை

அட்டையைப் பார்த்தேன் அண்ணா, டாக்சிலமின் பைரிடாக்சின்தான். இன்னிக்கு மதியம் ஒரு தடவை துடைச்சப்ப லேசா பழுப்பு, சாயங்காலம் சுத்தமா இல்லை. தாள்ல குறிச்சிருக்கேன். மருந்து டப்பா பேரு கார்பன்டாசிம்தான், அதையும் எழுதிக்கிட்டேன். நாளைக்குக் காலையில சுகாதார நிலையம் போறேன். ஒண்ணு மட்டும் கேக்கணும், ஸ்கேன் எழுதிக் கொடுத்தா கும்பகோணம் போகணும், 40 நிமிஷம் பஸ், ரோடு குண்டும் குழியுமா இருக்கு. போகலாமா?

நர்ஸக்கா, குடவாசல்

பஸ் குலுக்கல்ல கரு கலையாது தங்கச்சி, பயப்படாம போங்க. முன்பக்கம் ஜன்னலோர சீட் கேட்டு வாங்கி உக்காருங்க, பின் சீட்டுல தூக்கிப் போடும், குமட்டும். வெறும் வயித்தோட கிளம்பாதீங்க. பையில ரெண்டு பேட், ஒரு பாட்டில் தண்ணி, பொரி, மாத்து உள்பாவாடை. அவரையோ அத்தையையோ கூட்டிக்கிட்டுப் போங்க, உள்ள டாக்டர் சொல்றதைக் கேக்க இன்னொரு காது வேணும். ஓ நெகட்டிவ்ங்கிறதைச் சீட்டு மேல பேனாவால பெருசா எழுதச் சொல்லுங்க. நாளைக்கு பிக்மியும் சேர்த்துப் பதிஞ்சுட்டு வந்துடுங்க. தூரமான தேதியைச் சொல்லும்போது 35 நாள் சுழற்சின்னும் சேர்த்துச் சொல்லணும். ஸ்கேன்ல எத்தனை மி.மீ., துடிப்பு எவ்வளவுன்னு வந்து எழுதுங்க, பார்த்துக்கிட்டே இருப்பேன்.